யானை வாயில் போன கரும்பு: திருடிய பொதுச் சொத்து யார் கைக்குத் திரும்ப வேண்டும்?

2025 ஜூலை 6, வாசகர் ஒருவரின் கேள்வி

ஓர் ஆட்சியாளர் தம் நாட்டுக் கருவூலத்தைச் சுரண்டி வெளிநாட்டு வங்கியில் பதுக்கிவைத்த பணத்தை, அந்த வங்கி இருக்கும் நாடு பிற்காலத்தில் திருப்பித் தர முன்வருகிறது. அப்போது "முதலில் உங்கள் காவல்துறையைத் திருத்துங்கள், நீதிமன்றங்களைச் சீர்செய்யுங்கள், பிறகு தருகிறோம்" என்று நிபந்தனை போடுவது நியாயமா? திருட்டு நகையை அடகு பிடித்து வட்டியும் வாங்கித் தின்ற சேட்டு, நகையைப் பறிகொடுத்தவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதைப் போல இருக்கிறதே? பொதுக் கணக்கு வழக்கில் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் நல்லது.

2025 ஜூலை 7

நிபந்தனை போடுவது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். தணிக்கைப் பணியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பணமும் பொது நிதியில் கலந்த பிறகு அதற்கு நிறம் கிடையாது என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

நைஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் 1998இல் இறக்கும் வரை அந்நாட்டை ஆண்ட படைத்தலைவர் சானி அபாச்சா, நாட்டின் மைய வங்கியிலிருந்தே கோடிக்கணக்கான டாலர்களை வெளியே கடத்தினார். அதே ஆட்சிதான் 1995 நவம்பர் 10 அன்று, எண்ணெய் வயல்களால் பாழான தம் மண்ணுக்காகப் போராடிய கென் சரோ விவாவையும் அவருடன் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. ஆகவே கொள்ளையும் கொலையும் இரண்டு கணக்குகள் அல்ல, ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். சுவிட்சர்லாந்து 2005ஐ ஒட்டி ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்பித் தந்தபோது, பணம் வந்து சேர்வதற்கு முன்பே அதை எதிர்பார்த்து 2004ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செலவுகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. உலக வங்கியின் துணையோடு பின்னர் ஆய்வு செய்தவர்கள், எந்தச் சாலையும் எந்தப் பள்ளிக்கூடமும் இந்தப் பணத்தில் எழுந்தவை என்று தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தத் தேடல் எனக்குப் புதிதல்ல. பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில், ஒரு சிறு நகரத்தில் கட்டி முடித்ததாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்த பொதுக் கழிப்பிடத்தை நேரில் பார்க்கப் போனேன். அங்கே அடித்தளத்துக்காகத் தோண்டிய குழியும், குழி நிறைய மழை நீரும், நீரில் ஆறு வாத்துகளும் இருந்தன. கோப்பில் ஒட்டியிருந்த நிழற்படம் வேறு வார்டில் இருந்த கழிப்பிடத்துடையது. சான்றிதழ் முதலில் வரும், வேலை பிறகு வரும், சில சமயம் வாத்துகள் மட்டுமே வரும். ஆகவே நிபந்தனை இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு நான் எதிரி.

2025 ஜூலை 7, இரவு

மேலே எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். "சீர்திருந்தும் வரை பணம் காத்திருக்கட்டும்" என்னும் பொருள் வரும்படி எழுதிவிட்டேன், அது அவசரம். காத்திருக்கும் பணம் அப்படியே இருந்துவிடாது. காங்கோவை ஆண்ட மொபுட்டு 1997இல் வீழ்ந்தபோது சுவிட்சர்லாந்து அவருடைய கணக்குகளை முடக்கியது. அதன்பின் காங்கோ அரசு வழக்கை உருப்படியாக நடத்தாததால், 12 ஆண்டுகள் கழித்து 2009இல் சுமார் 77 லட்சம் பிராங்கு மொபுட்டுவின் வாரிசுகளுக்கே விடுவிக்கப்பட்டது. அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகுதான், கேட்கும் நாட்டு அரசு நொறுங்கிக் கிடந்தாலும் பணத்தைப் பறிமுதல் செய்ய வழி தரும் சட்டத்தைச் சுவிட்சர்லாந்து கொண்டுவந்தது. அது 2011இல் நடப்புக்கு வந்தது, 2016இல் இன்னும் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

2025 ஜூலை 11

சேட்டு உவமைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன் பிலிப்பைன்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். பொதுச் சொத்து மீட்பும் மனித உரிமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட நாடு என்று நான் அறிந்தவற்றில் அதுவே முதன்மையானது. நிபந்தனை என்பது எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைக்கிறது.

1986 பிப்ரவரி 25 அன்று, அந்நாட்டை ஆண்டுவந்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் குடும்பத்தோடு ஹவாய்க்கு ஓடினார். மூன்று நாள் கழித்துப் புதிய அதிபர் கொராசோன் அக்கினோ தம் முதல் நிர்வாக ஆணையாகவே ஒரு மீட்பு ஆணையத்தை அமைத்தார். அதன் முதல் தலைவர் ஹோவிட்டோ சலோங்கா, 1971இல் ஓர் அரசியல் கூட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பில் உடல் சிதைந்து உயிர் தப்பியவர். சுவிட்சர்லாந்து மார்ச் மாதமே மார்க்கோசின் கணக்குகளை முடக்கிவிட்டது. முடக்கியது ஒரு மாதத்தில், கொடுத்தது 18 ஆண்டுகளில்.

1997 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் பணத்தை மணிலாவில், தீர்ப்பு வரும் வரை யாரும் எடுக்க முடியாத ஒரு பொறுப்புக் கணக்குக்கு மாற்ற ஒப்புக்கொண்டபோது இரண்டு விஷயங்களைக் கேட்டது. முதலாவது, பறிமுதல் என்பது முறையான நீதிமன்ற விசாரணையின் முடிவில், சர்வதேச மனித உரிமை உடன்படிக்கை கேட்கும் நேர்மையோடு நடக்க வேண்டும். இரண்டாவது, மார்க்கோஸ் ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர என்ன செய்யப்படுகிறது என்பதைப் பிலிப்பைன்ஸ் அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். திருடிய மார்க்கோசுக்கும் நேர்மையான விசாரணை வேண்டும் என்று கேட்ட முதல் நிபந்தனையைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், மார்க்கோஸ் தம் எதிரிகளுக்கு மறுத்த ஒன்றைத்தான் அந்த நீதிமன்றம் நிபந்தனையாக வைத்திருக்கிறது என்று புரிந்தது.

2003 ஜூலை 15 அன்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்தை அரசுக்குரியது என்று தீர்ப்பளித்தது. 35.6 கோடி டாலராகத் தொடங்கியது வட்டியோடு 65 கோடியைத் தாண்டியிருந்தது. ஆனால் அங்கே 1988ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, மீட்கப்படும் கொள்ளைச் சொத்து நிலச் சீர்திருத்த நிதிக்கே போக வேண்டும். நல்ல நோக்கம்தான், ஆனாலும் அடிபட்டவருக்கு அதில் காசு இல்லை. இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க இன்னும் 10 ஆண்டுகள் ஆயின. 2013 பிப்ரவரி 25 அன்று கையெழுத்தான தனிச் சட்டம், மீட்ட பணத்திலிருந்து 1,000 கோடி பெசோவைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கியது. கொல்லப்பட்டவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் 10 புள்ளி, சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் 6 முதல் 9, சிறைவைப்புக்கு 3 முதல் 5, மற்றவற்றுக்கு 1 அல்லது 2 என்று அளவு வகுத்தார்கள். 75,000க்கும் மேற்பட்டவர்கள் மனுச் செய்தார்கள். 11,103 பேர் ஏற்கப்பட்டார்கள்.

வேதனைக்குப் புள்ளி போடுவதா என்று உங்களில் சிலருக்குக் கூசும். எனக்கும் கூசியது. ஆனால் புள்ளி போடாமல் கருணையோடு வழங்குகிறோம் என்று சொன்ன பல கோப்புகளை நான் தணிக்கை செய்திருக்கிறேன். அங்கெல்லாம் கருணை, அதிகாரியின் உறவினர்கள் குடியிருக்கும் தெருவரை மட்டுமே நடந்து போயிருந்தது.

2025 ஜூலை 12

ஒரு விடுபாடு. பிலிப்பைன்ஸ் மக்கள் சுவிஸ் பணத்துக்காக மட்டும் காத்திருக்கவில்லை. ஹவாயிலேயே மார்க்கோஸ் மீது வழக்குப் போட்டு, 9,539 பேருக்காக ஏறத்தாழ 200 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பை 1995இல் பெற்றார்கள். தீர்ப்பு கையில் இருந்தது, பணம் மார்க்கோஸ் கூட்டாளிகளின் கைகளில் இருந்தது. 2011இல்தான் சுமார் 7,500 பேருக்குத் தலா 1,000 டாலர் முதல் தவணையாகக் கிடைத்தது. 2022இல் மார்க்கோசின் மகனே நாட்டின் அதிபராகப் பதவியேற்றார். இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

2025 ஜூலை 14

சேட்டு உவமையைக் கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார், இம்முறை கோபத்தோடு. "ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 57ஆம் பிரிவு, கையாடல் செய்த பொதுப் பணத்தைக் கேட்கும் நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறதே, அதில் எங்கே நிபந்தனை?" என்கிறார். அவர் சொல்வது சரி. 2003இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடப்புக்கு வந்த அந்த உடன்படிக்கையை இந்தியாவும் 2011இல் உறுதிசெய்தது. பொதுப் பணக் கையாடல் என்று தீர்ப்பாகிவிட்டால், அதைத் திருப்புவது கடமை, தயவு அல்ல. லஞ்சம் போன்ற மற்றக் குற்றங்களின் பணத்துக்குத்தான் உரிமையை நிறுவ வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதைக் கருதலாம் என்றும் அதே பிரிவு வேறுபடுத்துகிறது. நான் முதல் குறிப்பில் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன்.

சேட்டும் குற்றவாளிதான். அபாச்சாவின் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்ட வங்கிகள், "பணம் எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியை அன்று கேட்கவில்லை, இன்று "பணம் எங்கே போகும்" என்று கேட்கின்றன. இந்தக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் 20 ஆண்டு தாமதமாகக் கேட்கப்படும் கேள்வி.

இன்னொரு பக்கமும் உண்டு. கஜகஸ்தானின் எண்ணெய் ஒப்பந்தங்கள் தொடர்பான லஞ்சம் என்று சந்தேகிக்கப்பட்டுச் சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்ட 8.4 கோடி டாலரை, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, கஜகஸ்தான் மூன்றும் 2007இல் செய்த உடன்பாட்டின்படி அரசின் கை படாத ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அதன் பெயர் 'போத்தா', கஜக் மொழியில் ஒட்டகக் குட்டி. 2014இல் மூடப்படுவதற்குள் ஏழைக் குழந்தைகள், இளைஞர்கள் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த உதவி போய்ச் சேர்ந்தது. தணிக்கையாளராக அந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அதே ஆண்டுகளின் நடுவே, 2011 டிசம்பர் 16 அன்று, ஜனாவோசென் என்னும் எண்ணெய் நகரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது அந்நாட்டுக் காவல்துறை சுட்டதில் 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஒட்டகக் குட்டிக்குப் பால் ஒழுங்காக ஊற்றப்பட்டது, ஒட்டகம் எப்போதும்போல் உதைத்துக்கொண்டிருந்தது. பணத்தைத் தூய்மையாகச் செலவழிப்பது வேறு, ஆட்சி திருந்துவது வேறு என்பதை ஜூலை 7 அன்று இதே இழையில் நான் மறந்திருந்தேன்.

2025 ஜூலை 20

இன்று மாலை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். அப்போது தோன்றியது: நம் ஊரில் "திருடிய பொதுச் சொத்து திரும்பியது" என்று மக்கள் கொண்டாடிய நிகழ்வு வங்கிப் பணம் அல்ல, நடராசர்.

பத்தூர் நடராசரை நினைத்துப் பாருங்கள். 1976இல் மாட்டுக் கொட்டகை போடத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் கடப்பாரையில் பட்டு வெளிவந்தவர், கைமாறி இலண்டனுக்குப் போய் ஒரு கனடா நிறுவனத்திடம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டார். இலண்டன் நீதிமன்றத்தில் அவரை உரிமை கோரியவர்களுள், இடிந்து புதர் மண்டிக் கிடந்த அந்தக் கோயிலும் ஒன்று. நம் சட்டப்படி கோயில் ஒரு சட்ட நபர் என்பதை இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. நடராசர் அந்த ஆண்டே நாடு திரும்பினார். கருவூலம் இழந்தது என்று சொல்லாமல், இழந்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்கே திருப்பிக் கொடுத்த வழக்கு அது. அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

திரும்பி வந்ததும் என்ன ஆனது என்பதில்தான் சங்கடம். பாதுகாப்பில்லாத கோயில்களின் திருமேனிகள் திருவாரூரில் உள்ள பாதுகாப்பு மையத்தில் இரும்புக் கதவுகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய நடராசரை, 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்கு வந்து ஒப்படைத்தார். ஒப்படைத்த விழாவின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் சிலைகளை இழந்த கிராமங்களில் பூட்டும் காவலாளியும் நிலையான பூசையும் இல்லாத வரை, திரும்பியவை வழிபாட்டுக்குத் திரும்பியவை ஆகா. பெறும் வீட்டைச் சரிசெய்யாமல் பொருளைக் கொடுத்தால் பொருள் அடுத்த பெட்டகத்துக்குத்தான் போகும். அதற்காகச் சிலையை ஆஸ்திரேலியாவிலேயே வைத்திருக்கச் சொல்வேனா? மாட்டேன். அப்படியானால் பணத்துக்கு மட்டும் ஏன் சொன்னேன்?

2025 ஜூலை 21

"இழை சாமி கும்பிடப் போய்விட்டது" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பதுதானே பொதுச் சொத்து மீட்பின் முழு வரலாறு. இழை சரியான இடத்தில்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டு 2

காவல் நிலையத்தில் அடிபட்டவருக்கு நம் மாநிலத்தில் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று யாரோ கேட்டிருந்தார்கள். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993இல் வந்தது. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997இல், சென்னையில், அமைந்தது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருமாறு ஆணையம் அரசுக்குப் பரிந்துரைக்கும். அந்தத் தொகையைத் தவறு செய்த அலுவலரின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்றும் பெரும்பாலும் எழுதும். பரிந்துரை வெறும் பரிந்துரைதானா என்ற குழப்பத்தை 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்த்து, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்னது.

இதில் முதலில் காசு போவது கருவூலத்திலிருந்து, அதாவது நீங்களும் நானும் கட்டிய வரியிலிருந்து. அடித்தவர் கொடுக்கும் காசு அல்ல, அடிபட்டவரின் அண்டை வீட்டார் கொடுக்கும் காசு. பிலிப்பைன்ஸ் சட்டம் என்னை ஏன் இவ்வளவு ஈர்த்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது: அங்கே சித்திரவதைப்பட்டவருக்குக் கொடுத்தது, சித்திரவதைக்கு ஆணையிட்டவர் திருடிய அதே பணம். அந்தக் காசோலையில் எழுதிய தொகையைவிட, அந்தக் கணக்கின் தலைப்பு முக்கியமானது என்று ஒரு தணிக்கையாளர் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

2025 ஆகஸ்டு 10

பஞ்சமி நிலத்தை இந்த இழையில் பேசாமல் விடுவது அநியாயம் என்று செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அதைத் தொடாமல் போனது உண்மையிலேயே பிழை. வெளிநாட்டு வங்கிகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பழைய மகாபலிபுரம் சாலை தெரியவில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையை அடுத்து, 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணையின் வழியே அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கினார்கள்; சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பின்னும் அதே மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படி இருந்தும் பெரும்பகுதி மற்றவர்கள் கைக்குப் போயிற்று. கடனுக்காக வைத்த கைநாட்டு, நிலவரித் திட்ட மறுபதிவில் மறைந்த பெயர், மிரட்டல் என்று வழிகள் பல. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் இழந்தார்கள்.

இங்கே சொத்து மீட்பையும் மனித உரிமையையும் இணைக்க சுவிட்சர்லாந்திலிருந்து யாரும் நிபந்தனை எழுத வேண்டியதில்லை. பொதுச் சொத்தைத் திரும்பக் கேட்டதற்கே குண்டு கிடைத்தது. மார்க்கோஸ் பணத்துக்கு ஒரு சுவிஸ் கணக்கு எண் இருந்தது. பஞ்சமி நிலத்துக்குப் புல எண் இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் 'டி.சி. நிலம்', அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நிலம், என்ற குறிப்பும் பல இடங்களில் இருக்கிறது. ஒளித்து வைத்த சொத்தைத் தேடுவது கடினம் என்பார்கள். பதிவேட்டில் வெளிப்படையாக எழுதிய சொத்தை மீட்பது அதைவிடக் கடினம் போலிருக்கிறது.

2025 ஆகஸ்டு 11

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு நீதிமன்றக் காவலில் இருந்த நகைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை, 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடியும் தண்டனை. முதல் எதிரியான முன்னாள் முதல்வர் 2016இல் மறைந்துவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது, ஆனால் சொத்துப் பறிமுதல் நின்றது. 27 கிலோ அளவிலான தங்க நகைகள் 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இதைக் கட்சிச் சண்டையாக மாற்றினால் நான் இழையிலிருந்து எழுந்து போய்விடுவேன். என் கேள்வி ஒன்றுதான்: அந்தத் தங்கம் எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படும்? 'இதர வரவுகள்' என்று எழுதினால், வாத்துக் குளத்துக்கு இன்னொரு வாத்து.

2025 ஆகஸ்டு 24

இரண்டு வாரம் எழுதவில்லை. அம்மாவின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் வைப்புத்தொகை ரசீது கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முதல் குறிப்பைப் படித்தபோது, எழுதியவளை எனக்கே பிடிக்கவில்லை.

1998இல் அப்பா ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து 1,40,000 ரூபாயைத் தென் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். இரண்டே ஆண்டில் அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அது பொதுப் பணம் அல்ல, தனியார் பணம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மீட்கும் முறை ஒன்றுதான். வைப்பீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டப்படி அரசு சொத்துகளை முடக்கும், சிறப்பு நீதிமன்றம் அதை உறுதிசெய்யும், பிறகு ஏலம் விட்டு எல்லோருக்கும் விகிதப்படி பங்கிடும். எழுத்தில் இதைவிட நல்ல சட்டம் கிடையாது. அப்பா ஒவ்வொரு விசாரணை நாளிலும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிப் போவார். "யானை வாயில் போன கரும்பு, அப்பா" என்று ஒரு நாள் சொன்னேன். "கரும்பு வராது என்று எனக்கும் தெரியும், யானை யாருடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றார். 2009இல் இறந்தார். பங்கு 2016இல் வந்தது.

சொத்தைச் சரியாக விற்க வேண்டும், உரிமையாளர்களைச் சரிபார்க்க வேண்டும், ஏமாற்றுக்காரர் நுழையக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. என்னைப் போன்ற ஒருத்திதான் அந்தக் காரணங்களை எழுதியிருப்பாள். "திருந்தும் வரை காத்திருக்கட்டும்" என்று ஜூலை 7 அன்று நான் எழுதியபோது, காத்திருப்பது பணம் என்று நினைத்தேன். காத்திருந்தது சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போன மனிதர்.

ஆகவே முதல் குறிப்பின் முடிவைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, மேலே இருக்கட்டும்.

2025 ஆகஸ்டு 31

"அப்படியானால் நிபந்தனையே வேண்டாமா?" என்று கேள்வி கேட்டவரே கேட்கிறார். ஆட்சி திருந்த வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்க வேண்டாம். அது அந்த நாட்டு மக்களின் போராட்டம், அதை வங்கி மேலாளர் நடத்த முடியாது. ஆனால் இழந்தவர் யார் என்னும் பெயர்ப் பட்டியலைக் கேட்கலாம். பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டச் சொல்லலாம். தனிக் கணக்கும் தனித் தலைப்பும் கேட்கலாம். இவற்றை ஒரே ஆண்டில் முடிக்க முடியும்.

நைஜீரியாவில் இது பாதி நடந்தது. 2017 டிசம்பரில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சுமார் 32 கோடி டாலரை வறிய குடும்பங்களுக்கு மாதம் 5,000 நைரா வீதம் கொடுத்தார்கள். உலக வங்கி பார்த்துக்கொண்டது, உள்ளூர்க் குடிமக்கள் அமைப்புகள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தன. 2020இல் ஜெர்சித் தீவிலிருந்து வந்த 30 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை இரண்டு நெடுஞ்சாலைகளுக்கும் நைஜர் ஆற்றின் இரண்டாம் பாலத்துக்கும் போயிற்று. பாலம் கண்ணுக்குத் தெரியும், நிழற்படத்தை வேறு வார்டிலிருந்து கொண்டுவர முடியாது. ஆனால் அபாச்சாவின் சிறைகளில் கிடந்தவர்கள் யார் என்று அந்த இரண்டு ஏற்பாட்டிலும் எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

எக்வடோரியல் கினியில் அதிபரின் மகன், அவரே துணை அதிபர், மாலிபுவில் வைத்திருந்த மாளிகையை விற்ற பணத்தில் 2.66 கோடி டாலரை, அந்நாட்டு அரசின் கையில் கொடுக்காமல், தடுப்பூசிக்கும் மருந்துக்கும் ஒதுக்குவதாக அமெரிக்கா 2021இல் அறிவித்தது. அதே ஏற்பாட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த மைக்கேல் ஜாக்சனின் கையுறை போன்ற நினைவுப் பொருள்கள் சிலவும் பேரத்தில் இருந்தன. ஒரு நாட்டின் எண்ணெய் எப்படி ஒரு கையுறை ஆகி, பிறகு ஊசி மருந்து ஆகிறது என்று யோசித்துக்கொண்டே நேற்று இரவு தூங்கிப்போனேன்.

2025 செப்டம்பர் 3

"அப்பாவின் பங்காக எவ்வளவு வந்தது?" என்று கடைசியாகக் கேட்ட சின்னக் கேள்விக்குப் பதில்: 23,800 ரூபாய் வந்தது. வாரிசுச் சான்றிதழ் எடுக்க நடந்த நடையைக் கழித்தால் இன்னும் குறைவு. அம்மா அதை எங்கள் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தார். பங்கீட்டுப் பட்டியலில் அப்பாவின் பெயர் அச்சான பக்கத்தின் ஒளிநகலை மட்டும் தமக்கு என்று கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டுப் பூசை அறையில் வைத்தார். பிலிப்பைன்ஸ் சட்டத்திலும், பணம் வேண்டாம் என்பவர் பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருப்பதைப் படித்தபோது எனக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது.

பட்டியலில் அப்பாவின் முதலெழுத்துத் தவறு. 'வெ.' என்பதற்குப் பதில் 'வே.' என்று இருக்கிறது. திருத்தம் கோரி அம்மா அன்றே ஒரு மனுக் கொடுத்தார். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.